தெரப்பி அறையில் நடந்த பிள்ளை

நல்ல செய்தியோடு வரும் அறிக்கைகளை நான் நம்புவதில்லை. ஓய்வு பெறும்வரை ஒரு சமூகக் காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்தேன். மற்றவர்களின் கை, கால், முதுகு பற்றி மருத்துவர்கள் எழுதியதைப் படிப்பதுதான் என் சீவியம். ஒரு பக்கத்தின் மேலே ‘மகிழ்ச்சிக்குரிய முன்னேற்றம்’ என்று இருந்தால், கீழே ஏதோ ஒன்றைக் குறைக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அந்த நினைப்பில் நாங்கள் எழுதுவதில்லை என்று மருத்துவர்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அந்த நினைப்பில் படிப்பதற்கென்றே எங்கள் மாடியில் ஆட்கள் இருந்தோம்.

ஆகவே, இங்கே சுவிஸில், டீட்டிகோனில் இருக்கும் என் தம்பி, தன் மகளின் இயன்மருத்துவர் எழுதிய அறிக்கையைப் படமெடுத்து அனுப்பி, “அக்கா, நல்லாத்தான் எழுதியிருக்கினம் போல” என்றபோது, நான் முதலில் கடைசிப் பந்திக்குப் போனேன். எதிர்பார்த்தது அங்கே இருந்தது. இலக்குகள் பெரும்பாலும் எட்டப்பட்டுவிட்டதால் தீவிரப் பயிற்சியைப் படிப்படியாகக் குறைக்கலாம். அதன் பிறகு மேலே வந்தேன். பிள்ளை தாங்கு வண்டியைப் பிடித்துக்கொண்டு சிகிச்சை நிலையத்துத் தாழ்வாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடக்கிறாள் என்று எழுதியிருந்தது.

அந்தப் பிள்ளை சத்திரசிகிச்சைக்குப் பிறகு வீட்டில் ஓரடி எடுத்து வைத்ததை எங்களில் ஒருவரும் கண்டதில்லை.

அவளுக்கு ஒன்பது வயது. மாதம் நிறையாமல் பிறந்தவள். பெருமூளை வாதம் என்று தெரிந்தபோது ஒன்றரை வயது. தலைக்குள் குறையில்லை; வாய்க்குள் நிச்சயமாகக் குறையில்லை. கால்கள்தான் கேட்காது. தசைகள் இறுகி, முழங்கால்கள் மடங்கி ஒன்றோடொன்று உரச, குதிக்கால் நிலத்தில் படாமல் நுனிக்காலில் நடப்பாள். பார்க்க வடிவான நடை இல்லை. ஆனாலும் அது நடை. வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு தன்பாட்டில் கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வாள். சுவரில் அவள் கை படும் உயரத்தில் ஒரு சாம்பல் கோடு இருந்தது. தம்பி ஒவ்வொரு வருடமும் அதை மறைக்கப் பெயின்ட் அடிப்பான்.

வளர வளர உடம்பு பாரமாகி, முழங்கால் மேலும் மடங்கத் தொடங்கியது. இப்படியே விட்டால் இன்னும் சில வருடங்களில் சக்கர நாற்காலிதான் என்றார் எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர். கெண்டைக்கால் தசையையும் தொடையின் பின்தசையையும் நீட்டவேண்டும், உள்ளுக்குத் திரும்பியிருக்கும் தொடை எலும்பை வெட்டித் திருப்பித் தகடு வைத்துப் பூட்டவேண்டும், இரண்டு காலிலும், எல்லாம் ஒரே முறையில். தாளில் படம் கீறிக் காட்டினார். படம் நன்றாக இருந்தது. அதனால் எனக்கு அவர்மேல் முதல் சந்தேகம் வந்தது.

தம்பியும் அவன் மனைவியான மச்சாளும் கேட்கமாட்டார்கள் என்பதால் நான் கேட்டேன். “சத்திரசிகிச்சைக்குப் பிறகு எப்போது நடப்பாள்?”

“முதலில் இப்போது இருப்பதைவிட மோசமாகும். பிறகு முன்னேறும். ஒரு வருடம் பொறுத்துத்தான் பலனைச் சொல்லமுடியும். சில பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் ஆகும்.”

முன்னேறினால் சிகிச்சை வென்றது. மோசமானால் அதையும் முன்பே சொல்லியாயிற்று. இப்படியொரு வாக்கியத்தை எங்கள் அலுவலகத்தில் எழுதியிருந்தால் மேலதிகாரி முதுகில் தட்டியிருப்பார்.

பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். “மாமி, மோசமாகிற காலத்தில நான் டொய்லெற்றுக்கு என்னெண்டு போறது?”

அம்மா தூக்கிக்கொண்டு போவா என்பது எல்லோருக்கும் தெரிந்த பதில். அதனால்தான் அவள் கேட்டாள்.

மருத்துவமனையிலும் பிறகு புனர்வாழ்வு நிலையத்திலும் கிடந்து வீட்டுக்கு வந்தபோது அவளுடைய கால்கள் நேராக இருந்தன. தச்சனிடம் கொடுத்து நிமிர்த்தியதுபோல இருந்தன. ஆனால் நீட்டிய தசைகளில் பலம் இல்லை. நிற்க வைத்தால் முழங்கால் மடங்கிவிடும். ஷீனன் என்று ஜெர்மன் சொல்லால் நாங்கள் சொல்லும் பிளாஸ்டிக் தாங்கிகளைக் கொடுத்திருந்தார்கள். பாதத்துக்கு அடியில் தொடங்கிக் கணுக்காலை அசையாமல் பிடித்து முழங்காலுக்குக் கீழே பட்டியால் இறுக்குகிற சாமான். அதற்கு மேலே சப்பாத்து. சாதாரண அளவு நுழையாது, பெரிதாக வாங்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் சக்கர நாற்காலி. வாரத்தில் பல நாள் தெரப்பி. மற்ற நேரம் வீடு.

வீட்டில் மச்சாள் தூக்கினா. சோபாவுக்கு, சாப்பாட்டு மேசைக்கு, கட்டிலுக்கு, கழிவறைக்கு. மாதங்கள் போயின. அறிக்கைகளில் பிள்ளை முன்னேறிக்கொண்டே போனாள். வீட்டில் பாரம் மட்டும் ஏறியது.

நான் ஞாயிறுகளில் அங்கே போவேன். ஒரு ஞாயிறு அவள் முன்னால் வைத்த தோடம்பழச் சாறு அப்படியே இருந்ததைக் கண்டேன். அதற்கு முந்திய ஞாயிறும் அப்படித்தான். விருப்பமான சாறு. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து பார்த்தேன், நிறைந்திருந்தது. இந்தப் பிள்ளை குடித்தால்தானே போகவேண்டும், போவதென்றால்தானே தூக்கவேண்டும் என்று கணக்குப் பார்த்து வாழ்கிறாள் என்று எனக்கு விளங்கியது. மச்சாளிடம் சொன்னேன்.

“தெரியும் மச்சாள்,” என்றா, பாத்திரம் கழுவிக்கொண்டே. “நான் கதவுக்கு வெளியில நிண்டாலும் கத்துறாள். தூக்கித் தூக்கி என்ர இடுப்பும் போட்டுது. கடையில பெட்டி தூக்கிப்போட்டு வந்து இஞ்சயும் தூக்கு.”

“அப்ப இந்த அறிக்கையில நடக்கிறது ஆர்?”

“அவ பொய் எழுதுவாவோ?”

“பொய் எண்டு நான் சொல்லேல்ல. எழுதுறதுக்குக் காரணம் இருக்கும் எண்டு சொல்லுறன்.”

“உங்களுக்கு எல்லாரிலயும் சந்தேகம்.”

“அதுக்குத்தானே சம்பளம் தந்தவங்கள்.”

மச்சாள் சிரிக்கவில்லை. என்னுடைய சந்தேகப் பட்டியலில் தானும் இருப்பது அவவுக்குத் தெரிந்திருக்கவேண்டும். இருந்தா. அவசரத்தில் நடக்கவிடாமல் தூக்குவது லேசு. தூக்கியே பழக்கிவிட்டாவோ என்று நான் நினைத்தேன். பிள்ளையும் பட்டியலில் இருந்தாள். பிள்ளைகள் பொய் சொல்லமாட்டார்கள் என்பவர்கள் பிள்ளைகளோடு பழகாதவர்கள். ஆனால் முதல் இடம் இயன்மருத்துவருக்குத்தான். பயிற்சியைக் குறைத்துவிட்டால் இந்தக் கால்கள் திரும்ப மடங்கும். பிறகு அந்தக் கழிவறைக் கதவு உள்ளேயிருந்து பூட்டப்படப் போவதில்லை. ஆட்சேபக் கடிதம் ஒன்றை மனதுக்குள் எழுதத் தொடங்கினேன். எந்த வரியை எங்கே வைத்தால் எவருக்கு வலிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

கடிதத்துக்கு முன் கண்ணால் பார்ப்பது என் வழக்கம். மச்சாளுக்கு வேலை இருந்த ஒரு புதன்கிழமை, நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். முன்னறிவித்தலில்லாமல் போய் நின்றேன். இயன்மருத்துவர் முப்பது வயது மதிக்கத்தக்க பெண். குதிரைவால் கொண்டை, ஓட்டச் சப்பாத்து, எல்லாச் சொல்லுக்கும் முன்னால் ஒரு சிரிப்பு. மாமி வந்தது மிகவும் சந்தோஷம் என்றா. எனக்கு அது பிடிக்கவில்லை. தாழ்வாரத்தின் கோடியில் ஒரு கதிரை போட்டு என்னை இருத்திவிட்டுப் பிள்ளையை மறுகோடிக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனா.

நான் அந்தப் பெண்ணின் கைகளைத்தான் கவனித்தேன். இடுப்புப் பட்டியில் ஒரு விரல் மாட்டியிருந்தாலும் அது நடை அல்ல, தூக்கல். அவ பிள்ளையை எழுப்பித் தாங்கு வண்டியைப் பிடிக்கவைத்தா. பிறகு இரண்டு கைகளையும் தன் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டா. பார்க்கட்டும் என்றே கட்டியதுபோல இருந்தது.

பிள்ளை நடந்தாள்.

நீலச் சப்பாத்து, அதற்குள்ளிருந்து எழும்பும் வெள்ளைப் பிளாஸ்டிக், வண்டிச் சக்கரத்தின் கீச்சுச் சத்தம். குதிக்கால் முதலில் நிலத்தில் பட்டது. அவளுடைய குதிக்கால் நிலத்தில் படுவதை நான் அதற்கு முன் கண்டதேயில்லை. நாக்கை ஒரு பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டு, முகம் முழுக்க வேர்வையோடு, என் முழங்கால் வரை வந்து நின்றாள்.

“மாமி,” என்றாள், “வாயை மூடுங்கோ.”

மூடினேன். சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வந்தது, ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வரிசையில் நின்றது. இவ்வளவு நாளும் வீட்டில் தூக்குப்பட்டுக்கொண்டு, தண்ணீரும் குடிக்காமல், இந்தப் பிள்ளை யாரை ஏமாற்றுகிறாள்?

பஸ்ஸில் வைத்துக் கேட்டேன். “வீட்டில ஏன் நடக்கிறேல்ல?”

“வீட்டில ஏலாது.”

“அங்க ஏலுது.”

“அங்க ஏலும். இஞ்ச ஏலாது.”

“ஏன்?”

“தெரியாது. வீட்டில கால் வேற.”

வீட்டுக்கு வந்தோம். மச்சாள் வேலை முடிந்து வந்திருந்தா. வழமைபோல அவளை வாசல் ஸ்டூலில் இருத்தி, காலில் இருந்ததெல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, தூக்கிச் சோபாவில் விட்டா. நான் கோட்டைக்கூடக் கழற்றாமல், அறை மூலையில் உடுப்புக் காயப்போடும் சாமானாக மாறியிருந்த வீட்டுத் தாங்கு வண்டியை இழுத்து வந்து முன்னால் வைத்தேன்.

“எழும்பு. நான் கண்டனான். இனி ஏமாத்த ஏலாது.”

அவள் என்னைப் பார்த்தாள். வண்டியைப் பிடித்து எழும்பினாள். நிமிர்ந்தாள். ஒரு காலை முன்னால் வைத்தாள். அந்தக் கால் முழங்காலில் மடங்கியது, மற்றதும் மடங்கியது, கை வழுக்கியது. பலகைத் தரையில் நான் பிடிக்க முன்னரே விழுந்துவிட்டாள். அழவில்லை. “சொன்னனான்தானே,” என்றாள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

மச்சாள் வந்து தூக்கினா. “பிள்ளையைச் சோதிக்கவோ ஞாயிறு ஞாயிறா வாறனீங்கள்?” என்று கேட்டா. அன்று புதன் என்று சொல்லும் அளவுக்கு நான் மடைச்சியில்லை.

அன்றிரவே இயன்மருத்துவருக்கு ஜெர்மனில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். மரியாதையான மொழி, மரியாதை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குக் கத்தி கூராகும் வகையான மொழி. தங்கள் அவதானிப்புக்கும் குடும்பத்தின் அவதானிப்புக்கும் இடையிலான வேறுபாட்டுக்குத் தாங்கள் தரும் விளக்கம் யாது? பதில் தொலைபேசியில் வந்தது. தானும் அதையே யோசித்ததாகச் சொல்லி, ஒருநாள் வீட்டுக்கே வந்து பார்க்கலாமா என்று கேட்டா.

வீட்டுக்கு வருவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்தில் அதற்குத் ‘தெளிவுபடுத்தல்’ என்று பெயர். தெளிந்த பிறகு எவருக்கும் முன்பைவிடக் கூடக் கிடைத்ததாக நினைவில்லை. தம்பிக்குச் சொன்னேன்: “கேட்டதுக்கு மட்டும் பதில். வீட்டைக் கனக்க வடிவாக்க வேண்டாம். வசதியா இருக்கினம் எண்டு எழுதுவாள்.”

“அக்கா, அது தெரப்பி குடுக்கிற பிள்ளை. பொலிஸ் இல்லை.”

“பொலிஸ் எண்டா அடையாள அட்டை காட்டும்.”

மச்சாள் வீட்டை மினுக்கினா. கடலை வடையும் சுட்டா. இரண்டும் எனக்கு எதிராகச் செய்யப்பட்டவை என்றே எடுத்துக்கொண்டேன்.

இயன்மருத்துவர் பள்ளிக்கூட வாகனம் வருவதற்குச் சற்று முன்பு வந்தா. வாசலில் சப்பாத்தைக் கழற்றினா. எங்கள் செருப்புத் தட்டின் ஓரத்தில் அதை அளவாக வைத்தா. பிறகு தன் பையிலிருந்து ஒரு சோடி கம்பளிச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டா. ஃபிங்கன். இந்த நாட்டில் வெளிச் சப்பாத்தோடு எவரும் வீட்டுக்குள் போகமாட்டார்கள். ஆனால் வெறுங்காலோடும் போகமாட்டார்கள். உள்ளே போட ஒன்று தனியாக இருக்கும். நான் இத்தனை வருடமாக அதை ஒரு குளிர்காலப் பழக்கம் என்றே நினைத்திருந்தேன். தம்பி, நான், மச்சாள் மூவரும் வெறுங்காலோடு வரிசையாக நின்று வரவேற்றோம்.

பிள்ளை வந்தாள். மச்சாள் எந்த நாளும் செய்வதைச் செய்தா. ஸ்டூலில் இருத்தினா. நீலச் சப்பாத்தைக் கழற்றினா. பட்டியைச் சர்ரென்று இழுத்து ஷீனனைக் கழற்றினா. ஷீனனைச் சப்பாத்துக்குள் திரும்பச் செருகி, நேராக்கி, செருப்புத் தட்டின் கீழ்த் தட்டில், தம்பியின் வேலைச் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தா. பிறகு பிள்ளையின் கக்கத்தில் கையைக் கொடுத்தா.

“பொறுங்கள்,” என்றா அந்தப் பெண் ஜெர்மனில். சிரிப்பை முதன்முறையாகக் காணவில்லை. “என்ன செய்கிறீர்கள்?”

“சப்பாத்துக் கழட்டுறன்,” என்றா மச்சாள்.

“ஷீனனையுமா?”

“அது சப்பாத்துக்குள்ள போடுறதுதானே.”

கூடத்துக்குள் நேர் எதிரே சாமித்தட்டு. காலையில் ஏற்றிய ஊதுபத்தியின் சாம்பல் கீழே விழுந்திருந்தது. எங்கள் வீட்டில் பாதத்துக்கு அடியில் போடும் எதுவும் அந்த நிலைப்படியைத் தாண்டியதில்லை. தாண்டலாமா என்று யாரும் கேட்டதுமில்லை. நானும் அந்த நிலைப்படியால் எத்தனையோ ஞாயிறு உள்ளே போயிருக்கிறேன். அந்த இரண்டு வெள்ளைத் தாங்கிகளும் தட்டில் நிற்பதைக் கண்டுமிருக்கிறேன். செருப்புத் தட்டில் செருப்பு நிற்பதை யார் சந்தேகிப்பார்கள்?

அந்தப் பெண் நிலத்தில் சப்பணமிட்டு இருந்து விளக்கினா. நீட்டிய கெண்டைத் தசைக்கு இன்னும் பலமில்லை. அது பிடிக்காவிட்டால் கீழ்க்கால் முன்னுக்குச் சரியும், முழங்கால் மடங்கும். பிடிக்கும் வேலையை இப்போதைக்கு ஷீனன் செய்கிறது. அது இல்லாமல் நிற்கச் சொல்வது காலில்லாத மேசையை நிற்கச் சொல்வதுபோல. அன்றாடம் முழுக்கப் போடவேண்டும் என்று சொல்லியிருந்தேனே என்றா. சொல்லித்தான் இருந்தா. பள்ளிக்கூடத்துக்குப் போட்டார்கள், கடைக்குப் போட்டார்கள், கோயில் வாசல்வரை போட்டார்கள். வீட்டில் ஃபிங்கன் போல ஒன்றை அதற்கு மேல் மாட்டுவார்கள் என்று அவ நினைத்துக்கொண்டா. வீட்டுக்குள் காலில் ஏதும் போடுவார்கள் என்று இவர்கள் நினைக்கவேயில்லை.

“ஒருத்தரும் கேக்கேல்லையே,” என்றா மச்சாள்.

“நானும் கேட்கவில்லை,” என்றா அந்தப் பெண்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். படிகள், மின்தூக்கி, குளியலறைக் கைபிடி எல்லாம் இருக்கும் ‘வீட்டுச் சூழல்’ என்ற தலைப்பு எல்லா அறிக்கையிலும் உண்டு. நான் அவற்றை வரிக்கு வரி படித்தவள். அதில் செருப்பு கிடையாது.

“வீட்டில கால் வேற எண்டு சொன்னனான்,” என்றாள் பிள்ளை ஸ்டூலில் இருந்தபடி. “ஒருத்தரும் கேக்கேல்ல.”

வெளியே போடாத புதுச் சப்பாத்து ஒரு சோடி வாங்கி வீட்டுக்குள் மட்டும் போடுவது என்று அந்தப் பெண் சொன்னதும், தம்பி சாமித்தட்டைப் பார்த்தான்.

“புதுசெண்டாலும் சப்பாத்துத்தானே அக்கா. சாமிக்கு முன்னால…”

“செருப்புக் காலைக் கொண்டுபோய்ச் சிவன்ர முகத்தில வைச்சவருக்கே மோட்சம் குடுத்த சமயம்,” என்றேன். “உன்ர மகள் டொய்லெற்றுக்குப் போறதுக்கோ கோவிக்கும்?”

“அது பக்தி.”

“இதென்ன, ஃபாஷனோ?”

மச்சாள் எழுந்து போய்ச் செருப்புத் தட்டிலிருந்து ஷீனன் இரண்டையும் எடுத்தா. குளியலறையில் சோப்புப் போட்டுக் கழுவினா. துடைத்தா. கொண்டுவந்து சாமித்தட்டின் கீழ்ப் படியில், விளக்குக்குப் பக்கத்தில் வைத்தா. தம்பி பார்த்துக்கொண்டு நின்றான். அந்த விவாதம் அதோடு முடிந்தது. இயன்மருத்துவருக்கு என்ன நடந்தது என்று விளங்கவில்லை; நல்லதென்று மட்டும் விளங்கி வடையை எடுத்தா.

புதுச் சப்பாத்து சனிக்கிழமை வந்தது. சிவப்பு, பிள்ளையின் தெரிவு. இதனால் எல்லாம் நேராகிவிடும் என்று நான் நம்பவில்லை. ஒரு சந்தேகம் தீர்ந்ததும் அடுத்ததைத் தேடுவது என் குணம். முதல் வாரங்களில் கூடத்தைக் கடக்கவே களைத்துப்போனாள். பலகைத் தரையில் வண்டி வழுக்கியது, கம்பளத்தில் தடக்கியது, கம்பளத்தைச் சுருட்டினோம். இடைக்கிடை விழுந்தாள். இயன்மருத்துவர் தன் அறிக்கையை மாற்றி, வீட்டு நடை இப்போதுதான் தொடங்குவதால் பயிற்சி குறையாமல் தொடரவேண்டும் என்று எழுதினா. அதை நான் மூன்று தரம் படித்தேன். பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. ஆட்சேபக் கடிதத்தை ஆனாலும் அழிக்கவில்லை.

இந்த மாசியில் ஒரு ஞாயிறு. சாப்பிட்டு முடித்திருந்தோம். பிள்ளை தன் கோப்பையில் இருந்த தோடம்பழச் சாற்றை ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். அதையும் குடித்தாள். மச்சாளும் நானும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம். சிறிது நேரம் பொறுத்துத் தாங்கு வண்டியைப் பிடித்து எழும்பினாள். மச்சாளின் கை தானாக முன்னுக்குப் போனது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

கூடத்தைக் கடந்தாள். சுவரில் பழைய சாம்பல் கோடு இருந்த இடத்தைக் கடந்தாள். அது இப்போது அவள் கையைவிடத் தாழ்வாக இருந்தது. கழிவறைக் கதவைத் திறக்க வண்டியைச் சரிக்கவேண்டியிருந்தது, நேரம் எடுத்தது. உள்ளே போனாள். கதவு மூடியது. பூட்டு விழுந்த சத்தம் கேட்டது.

நாங்கள் மூவரும் எப்படியோ அந்தக் கதவுக்கு வெளியே வந்து நின்றோம். விழுந்தால் கேட்கவேண்டுமே. தம்பி காதைக் கதவோடு வைத்தான். உள்ளே வண்டி சுவரில் இடித்தது. பிறகு அமைதி. மச்சாள் என் கையை நெரித்தா.

“மாமி,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “நீங்கள் வெளியில நிக்கிறியள்.”

“இல்லை,” என்றேன்.

“அம்மாவும் நிக்கிறா. அப்பாவும். போங்கோ.”

“ஓம், போறம்,” என்றான் தம்பி. மூவரும் நின்ற இடத்திலேயே கால்களை மெல்லத் தட்டி, போவதுபோலச் சத்தம் செய்தோம்.

எங்கள் காலடிச் சத்தம் உள்ளேயும் கேட்டிருக்கவேண்டும்.

“உண்மையா நடந்து போங்கோ,” என்றாள்.